கடப்பாரையின் கடைசித் தோல்வி

கீழே விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்கிறவர்களை நீங்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள். என் அத்தான் அந்த ரகம் இல்லை. மண் நன்றாக ஒட்டவேண்டும், கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் அது தெரியவேண்டும் என்று பார்த்துப் பார்த்து விழுந்தவர். தோற்பதுதான் அவருக்குத் தொழில். அந்தத் தொழிலில் அவரை ஜெயிக்க இன்றுவரை ஒருவன் பிறக்கவில்லை.

ரிங்கில் அவர் பெயர் கடப்பாரை. கருப்பு ஜட்டி, கருப்பு பூட்ஸ், மழித்த தலை, அடர்ந்த மீசை. சட்டையில்லாமல் அவர் நடந்து வந்தால் கைக்குழந்தைகள் அழும், பெரியவர்கள் திட்டுவார்கள். நான் அவர் மனைவியின் தம்பி. கருப்புப் பேண்ட்டும் கோடு போட்ட சட்டையும் மாட்டிக்கொண்டு ரெஃபரியாக நின்று, ஒன்று, இரண்டு, மூன்று என்று தரையைத் தட்டி எண்ணியே ஆயுளைக் கழித்தவன். அதனால் நான் சொல்வதை நீங்கள் நம்பலாம். ரிங்குக்குள் நடந்ததை என்னைவிடக் கிட்டத்தில் இருந்து பார்த்தவன் யாருமில்லை.

யார் ஜெயிப்பது என்பது மத்தியானம் சாப்பிடும்போதே முடிவாகிவிடும். இதைச் சொன்னால், "அப்ப எல்லாம் பொய்தானா?" என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் ஒன்றுதான் சொல்வேன். ஆள் உயரத்தில் இருந்து மல்லாக்கப் பலகையில் ஒருமுறை விழுந்து பாருங்கள். அப்புறம் எழுந்து நிற்க முடிந்தால் வந்து பேசுங்கள். முடிவுதான் பேசிவைத்தது. வலி பேசிவைத்தது இல்லை.

அத்தான் முதலில் சரக்கு லாரிகள் வந்து நிற்கும் ஷெட்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். ஊர் ஊராகப் போகிற குஸ்திக் கம்பெனி ஒன்று அங்கே வந்து கூடாரம் போட்டது. எங்கள் ஆளோடு மோத யாருக்காவது தைரியம் உண்டா என்று மைக்கில் கூப்பிடுவது அவர்கள் வழக்கம். ஷெட் ஆட்கள் எல்லோரும் சேர்ந்து இவரைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டார்கள். கம்பெனி ஆள் இவரைக் கட்டிப்பிடித்து, "தம்பி, நான் தள்ளினதும் விழு. ரெண்டு பேருக்கும் நல்லது" என்று காதில் சொல்லியிருக்கிறான். இவர் விழவில்லை. இளவட்ட முறுக்கு. அவனும் இவரும் முட்டி மோதிக்கொண்டு நடுவில் தூணாக நின்றார்கள். பார்க்க வந்த ஜனங்களுக்குக் கொட்டாவி வந்துவிட்டது. பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள்.

அவர்கள் எழுந்து போனதுதான் அத்தானைச் சுட்டது. பலம் இருந்தால் போதாது, பலத்தைப் பார்க்கிறவன் கண்ணில் காட்டத் தெரியவேண்டும் என்று அன்றைக்குப் புரிந்தது என்பார். மறுநாள் காலையில் போய் அதே ஆளிடம், "அண்ணே, எப்படி விழணும்?" என்று கேட்டார். கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு கம்பெனி கிளம்பியபோது அந்த லாரியிலேயே இவரும் ஏறிக்கொண்டார்.

விழுவதற்கு ஒரு முறை இருக்கிறது. தாடையை நெஞ்சில் ஒட்டவேண்டும். மூச்சை வெளியே விடவேண்டும். முதுகு முழுதும் ஒரே நேரத்தில் தரையைத் தொடவேண்டும், கைகள் பக்கவாட்டில் அறையவேண்டும். இதைப் பழகிப் பழகி அவர் உடுப்பெல்லாம் கிழிந்துபோகும். கிழிந்ததைத் தைக்கத்தான் என் அக்காவின் தையல் கடைக்கு வந்தார். ஒரு மாதத்தில் எத்தனை தடவைதான் ஒருத்தனுக்கு ஜட்டி கிழியும்? நன்றாக இருந்ததையும் இவரே கிழித்துக்கொண்டு வந்திருக்கிறார் என்று அக்கா பிளேடு வெட்டைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள்.

"இது விழுந்து கிழிஞ்சது இல்லையே?" என்று கேட்டாளாம்.

"இல்லைங்க. விழுந்துட்டேன், அது உண்மை. ஆனா அது வேற இடத்துல" என்றாராம் இவர்.

அவ்வளவு பெரிய உடம்புக்குள் இருந்து இப்படி ஒரு பேச்சு வரும் என்று யார் எதிர்பார்த்தது? அக்கா மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்திருக்கிறாள். எனக்குத்தான் பயம். மீசையைப் பார்த்துவிட்டு, "அக்கா, இந்த ஆளு அடிப்பானா?" என்று கேட்டேன். கல்யாணமான பிறகு தெரிந்தது, சுவரில் பல்லி வந்தால் கட்டில்மேல் ஏறி நின்று அக்காவைக் கூப்பிடுகிற ஆள் என்று.

சில வருஷத்தில் கம்பெனியின் பழைய முதலாளிக்கு அலைச்சல் அலுத்துவிட்டது. இரும்புக் கம்பங்கள், பலகைகள், கயிறுகள் எல்லாவற்றையும் அத்தான் எடுத்துக்கொண்டார். எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் அரை நாள் தூரத்தில் ஒரு பெரிய ஊர். அங்கே மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு பழைய கிடங்கு, தகரக் கூரை, நடுவில் தூண் இல்லாத பெரிய கூடம். அதை வாடகைக்குப் பிடித்து வாராவாரம் குஸ்தி நடத்தினார். அக்கா எல்லோருக்கும் உடுப்புத் தைத்தாள், வாசலில் உட்கார்ந்து டிக்கெட் கிழித்தாள். என் கையில் விசிலைக் கொடுத்து ரெஃபரி ஆக்கினார்கள். நடத்துகிற முதலாளி தன்னைத்தானே ஜெயிக்கவைத்துக்கொள்வதுதான் எல்லாக் கம்பெனியிலும் நடக்கும். கரும்பு தின்னக் கூலியா என்று கேட்பார்கள். இவர் தன்னைத் தோற்பவனாகவே வைத்துக்கொண்டார்.

"ஏன் அத்தான், ஒரு தடவையாவது ஜெயிக்கக் கூடாதா?" என்று கேட்டதற்கு, "ஜெயிக்கறவன் கிடைப்பான் மாப்ளே. நல்லாத் தோக்கறவன் கிடைக்கிறதுதான் கஷ்டம்" என்றார்.

அவர் வைத்த சட்டம் ஒன்று உண்டு. ரிங்குக்குள் பகை என்றால் வெளியிலும் பகை. நல்லவர்களாக ஆடுகிறவர்கள் வேனில் வருவார்கள், கெட்டவர்கள் லாரியில் வருவார்கள். அந்த ஊரில் இரண்டு கூட்டமும் ஒரே கடையில் டீ குடிக்கக்கூடாது, ஒரே தெருவில் நடக்கக்கூடாது. பார்க்கிறவன் நம்பவேண்டும், நம்பிக்கைதான் நம் சோறு என்பார். அதனால் டிக்கெட் கொடுக்கிற அம்மா கடப்பாரையின் மனைவி என்று அந்த ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. அக்காவிடமே வந்து, "அந்தப் பாவியை எப்படிம்மா உள்ளே விடறீங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். அக்கா முகத்தை வைத்துக்கொண்டு, "என்ன பண்றது, எல்லாம் தலையெழுத்து" என்பாள். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

முடிவெட்டுகிறவர் கடையில் சேர் காலியாக இருந்தும் இவருக்கு இடமில்லை என்பார். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் யாரும் உட்கார மாட்டார்கள். முதல் வரிசையில் ஒரு கணக்கு வாத்தியார் இருந்தார். ஒல்லி ஆள், கண்ணாடி, சலவைச் சட்டை. பள்ளிக்கூடத்தில் சத்தமாகக்கூடப் பேசமாட்டாராம். கடப்பாரை உள்ளே வந்தால் போதும், நாற்காலிமேல் ஏறி நின்று, "டேய், நீ உருப்படுவியா!" என்று கத்துவார். ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. அத்தானுக்கு அவர்மேல் தனிப் பிரியம். அவர் வரத் தாமதமானால் திரைக்குப் பின்னால் நின்று, "வாத்தியார் வந்தாச்சா? இரு, அவர் வரட்டும்" என்று ஆட்டத்தையே நிறுத்திவைப்பார்.

பிள்ளைகள் இரண்டு. மூத்தவன் பெரியவன். அவனுக்கு அதுதான் பெயர், உடம்பும் அதற்கேற்ற உடம்பு. ரிங்கைத் தனியாளாகப் பூட்டுவான், லாரி ஓட்டுவான், இரண்டாவது ஆட்டத்தில் நாலு பேரைத் தூக்கிப் போடுவான். ஆனால் நடிக்கச் சொன்னால் கதவு மாதிரி நிற்பான். தங்கமான பிள்ளை. பொய் சொல்ல வராது, அதனால் இந்தத் தொழிலில் ஓரளவுக்குமேல் போக முடியாது.

இளையவள்தான் அத்தானின் உயிர். வீட்டில் சிட்டு, ரிங்கில் மின்னல். நடக்கப் பழகும்போதே விழவும் பழகியவள். பின்கட்டு ஷெட்டில் பழைய பஞ்சு மூட்டைகளை அடுக்கி, அப்பாவும் மகளும் விடிந்ததும் ஆரம்பிப்பார்கள். "தாடையை ஒட்டு. இன்னும். ஆங், இப்ப விழு!" என்கிற சத்தத்தில்தான் நான் தினமும் கண் விழிப்பேன். கயிற்றில் மோதித் திரும்பி வந்து, எதிராளியின் தோளில் ஏறி, காலால் கழுத்தைச் சுற்றி அப்படியே சுழற்றிப் போடுவாள். ஆண்களோடும் ஆடுவாள். என் கண்ணால் பார்த்த எவரும் அவளுக்குக் கிட்டே வரமுடியாது. நான் தாய்மாமன் என்பதால் சொல்லவில்லை. சரி, அதனாலும்தான்.

அவள் கடப்பாரையின் மகள் என்று அந்த ஊரில் யாருக்கும் தெரியாது. இவ்வளவு இருந்தும் ஊர் அவளை ஏற்றுக்கொள்ளவில்லை. திட்டினால்கூடப் பரவாயில்லை, திட்டவும் மாட்டார்கள். "பரவாயில்லையே, பொம்பளப் பிள்ளை நல்லாத் தாவுது" என்று பாராட்டிவிட்டு, சோடா குடிக்க எழுந்து போவார்கள். அவள் ஜெயித்தால் யாருக்கும் நெஞ்சு அடைக்கவில்லை, தோற்றால் யாருக்கும் தூக்கம் போகவில்லை. ஒரு தடவை அவள் அருமையாக ஆடிவிட்டு நிமிர்ந்தபோது முன்வரிசை பாதி காலியாக இருந்தது. அன்றைக்கு உடுப்பு மாற்றும் அறையில் பூட்ஸ் நாடாவையே அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சமயம் பார்த்து அத்தானின் முழங்கால் போய்விட்டது. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டி, "இதுல எலும்பு தேய இனிமே ஒண்ணும் பாக்கி இல்லை. ஒரு தடவை தப்பா விழுந்தீங்கன்னா அப்புறம் கம்புதான்" என்றார். வீட்டுக்கு வந்த அத்தான் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சொன்னார்:

"ஒரே ஒரு ஆட்டம். சிட்டுவோட. அத்தோட நான் நிறுத்திக்கிறேன்."

இந்தத் தொழிலில் ஒரு முறை இருக்கிறது. விலகிப் போகிறவன் ஜெயித்துவிட்டுப் போகக்கூடாது. இத்தனை காலம் ஜனங்களிடம் சம்பாதித்ததை, அது அன்போ வெறுப்போ, அடுத்து வருகிறவனிடம் தோற்றுக் கொடுத்துவிட்டுத்தான் போகவேண்டும். கடப்பாரையிடம் இருந்தது ஒரு ஊர் முழுவதின் வெறுப்பு. அந்த வெறுப்பை மகள் கையால் அடித்து நொறுக்கினால், அத்தனையும் அவளுக்கு அன்பாக மாறும். அதுதான் அவர் போட்ட கணக்கு. மாறாவிட்டால்? அவரும் இல்லாமல், அவளையும் ஏற்காமல், கிடங்குக் கதவைப் பூட்டவேண்டியதுதான். அது எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

போஸ்டர் அடிக்கிற வேலை பெரியவனிடம் போனது. "மின்னலும் கடப்பாரையும் மோதுகிறார்கள்" என்று அடித்துவிட்டு வந்திருக்கவேண்டும். அப்பன்மேல் பாசம். அவனுக்கு மனசு கேட்கவில்லை. பெரிய பெரிய எழுத்தில், "கடப்பாரையின் கடைசி ஆட்டம்! நம் ஊர் மாவீரனுக்கு விடைகொடுக்க வாரீர்!" என்று அடித்து ஊரெல்லாம் ஒட்டிவிட்டான். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை என்பார்களே, இது அதுதான்.

எனக்கே அது தெரிந்தது ஆட்டத்தன்று சாயங்காலம், கிடங்கு வாசலில் பார்த்தபோதுதான். அத்தான் அதைப் பார்க்கவில்லை. திரையை விலக்கிப் பார்த்தேன். கிடங்கில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். ஜன்னல் கம்பியில் தொங்குகிறார்கள். அந்த முடிவெட்டுகிறவர்கூடக் குடும்பத்தோடு வந்திருந்தார். எனக்கு வாயெல்லாம் பல். "அத்தான், கூட்டத்தைப் பாருங்க!" என்றேன்.

அவர் வெளியே நடந்தார். மழித்த தலை தெரிந்ததும் மொத்தக் கூடமும் எழுந்து நின்று கைதட்டியது.

அத்தான் நின்றுவிட்டார். உறுமிப் பார்த்தார். கைத்தட்டல் கூடியது. முன்னால் இருந்த ஒருத்தன் தொப்பியைப் பிடுங்கி வீசி எறிந்தார். அவன் மகிழ்ச்சியோடு பக்கத்து ஆளிடம், "என் தொப்பியைத்தான் எறிஞ்சாரு!" என்றான். ரிங்குக்குள் ஏறிவந்து என் காதருகே குனிந்தார்.

"மாப்ளே, கை தட்டறானுங்கடா. என்னடா இது?"

"போஸ்டர் அப்படி அத்தான். பெரியவன்..." என்று இழுத்தேன்.

"கெடுத்தான்" என்றார் அத்தான்.

அதோடு நிற்கவில்லை. கணக்கு வாத்தியார் மெதுவாகக் கயிற்றைத் தாண்டி ரிங்குக்குள் வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. கையில் ஒரு கேடயம், பளபளக்கிற மரச்சட்டம், நடுவில் கண்ணாடி, அதில் எழுத்து. ஊர்க்காரர்கள் சேர்ந்து செய்துகொண்டு வந்திருக்கிறார்கள். வாத்தியார் மைக்கை வாங்கினார்.

"முப்பது வருஷமா உங்களைத் திட்டியிருக்கேன். ஒரு வாரமாத் தூக்கம் வரலை. நீங்க இல்லாத வெள்ளிக்கிழமையை நினைச்சுக்கூடப் பாக்க முடியலை. எங்களை மன்னிச்சிடுங்க ஐயா."

அவர் அழுதார். கூட்டத்தில் பாதி அழுதது. வாசல் பக்கம் டிக்கெட் மேஜையைப் பிடித்துக்கொண்டு அக்கா நின்றிருந்தாள். அத்தான் கேடயத்தை வாங்கினார். கண்ணாடியில் எழுதியிருந்ததை உதடு அசைய எழுத்துக்கூட்டிப் படித்தார். "எங்கள் மாவீரனுக்கு ஊரின் அன்பு" என்று இருந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்த மனுஷன் எத்தனை வருஷமாக இதற்கு ஏங்கியிருக்கிறார், எங்களிடம்கூட ஒரு வார்த்தை சொன்னதில்லை. கேடயத்தைப் பத்திரமாக மூலையில் இருந்த ஸ்டூலில் சாய்த்து வைத்துவிட்டு, துண்டை எடுத்து மூடினார்.

வாத்தியார் இறங்கித் தன் நாற்காலிக்குப் போனார். மணி அடித்தது. சிட்டு வந்து கைகோத்தாள். அத்தான் அவள் முடியைப் பிடித்து இழுத்தார். கூட்டம் சிரித்தது. கண்ணில் விரலை விட்டார். "அதே பழைய ஆளுடா!" என்று விசில் அடித்தார்கள். என்னைப் பிடித்துக் கயிற்றுக்கு வெளியே தள்ளினார். அதற்கும் கைத்தட்டல். என்ன அக்கிரமம் செய்தாலும் பேரன் குறும்பைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள்.

பிறகு சிட்டு அவர் தோளில் ஏறிச் சுழற்றிப் போட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் போட்டதிலேயே அழகான வீச்சு அதுதான். கூடத்தில் "ஐயோ" என்று ஒரு சத்தம்.

"ஏம்மா, பெரியவரை இப்படியா போடறது?" என்று ஒரு பெண் கத்தினாள்.

"மரியாதை தெரியாத பொண்ணு!"

"விடும்மா அவரை!"

சிட்டுவின் முகம் வெளுத்தது. அவள் அடுத்த பிடியைப் போட்டாள், ஊளையிட்டார்கள். முதன்முதலாக ஊர் அவளைப் பார்த்து உணர்ச்சியோடு சத்தம் போட்டது, அது வெறுப்பாக இருந்தது. இப்படியே போய் அவள் ஜெயித்தால் கிழவனை அடித்தவள் என்ற பெயர்தான் மிஞ்சும். ஜென்மத்துக்கும் அது போகாது. அத்தான் ஜெயித்துவிட்டாலோ, அவளுக்கு ஒன்றுமே மிஞ்சாது. அவள் அப்பாவின் தலையைக் கைக்குள் பூட்டியபடி என்னைப் பார்த்து, "மாமா, என்ன பண்றது?" என்று உதட்டை அசைக்காமல் கேட்டாள். எனக்கு என்ன தெரியும்? நான் எண்ணத்தானே தெரிந்தவன்!

பூட்டுக்குள் இருந்து அத்தானின் குரல் வந்தது.

"மாப்ளே, அந்தக் கேடயத்தை எடு."

"எதுக்கு அத்தான்?"

"எடுடா."

எனக்குப் புரிந்துவிட்டது. "வேணாம் அத்தான். அது உங்களுக்குக் குடுத்தது. உங்களுக்கு மட்டும்" என்றேன்.

"எனக்குத்தானே குடுத்தாங்க? நான் என்ன வேணா பண்ணுவேன். சிட்டு, விடும்மா."

அவளுக்கும் புரிந்தது. விடமாட்டேன் என்று இறுக்கினாள். அவர் அவள் மணிக்கட்டை இரண்டு தரம் அமுக்கினார். எங்கள் தொழிலில் அதற்கு 'நான் சரியாக இருக்கிறேன், அடுத்ததுக்குப் போ' என்று அர்த்தம். பழகின கை, அதுவாகவே தளர்ந்தது. அவர் நொண்டிக்கொண்டே மூலைக்குப் போனார். நான் எடுக்கவில்லை, அவரே துண்டை விலக்கி எடுத்தார். மைக்கைப் பிடித்தார். பேசப்போகிறார் என்று கூடம் அமைதியானது. சிலர் மறுபடி எழுந்து நின்றார்கள்.

"மாவீரன்" என்று படித்தார். பிறகு சிரித்தார். கடப்பாரையின் சிரிப்பு. "ஒரு பலகையைக் குடுத்தா காலடியில விழுந்துடுவேன்னு நினைச்சீங்களா? முப்பது வருஷமா உங்க மூஞ்சியைப் பாத்துப் பாத்து எனக்குக் குமட்டுது. உங்க அன்பு யாருக்கு வேணும்? இந்த ஊர்ல ஒரு ஆம்பளை இல்லை என்னை அடக்க. கடைசியில ஒரு பொட்டைப் பிள்ளையைத்தான் அனுப்பினீங்க!"

வாத்தியார் வாயைத் திறந்தபடி பார்த்தார். அத்தான் அவர் பக்கம் திரும்பினார். அந்த ஒரு கணம் அவர் கண்ணை நான் பார்த்தேன். வேறு யாரும் பார்த்திருக்க முடியாது.

"வாத்தியாரே, அழுகையை நிறுத்து. உன் கண்ணீரால என் பூட்ஸைத் துடைச்சிட்டுப் போ."

கேடயத்தைத் தரையில் போட்டார். பூட்ஸ் காலைத் தூக்கி ஓங்கி மிதித்தார். கண்ணாடி நொறுங்கியது. மறுபடி மிதித்தார். சட்டம் இரண்டாகப் பிளந்தது.

வாத்தியார் குனிந்தார். மூக்குக்கண்ணாடி விழுந்துவிட்டது, தேடுகிறார் என்று நினைத்தேன். அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"டேய்!" என்று ஒரு கத்தல். நரைத்த மனுஷன் நாற்காலிமேல் ஏறி நின்றுவிட்டார். செருப்பு பறந்து வந்து அத்தானின் நெற்றியில் பட்டது. அவ்வளவுதான், கூரைத் தகரம் அதிர்ந்தது. செருப்பு, தொப்பி, சோடா மூடி, கையில் கிடைத்ததெல்லாம் வந்தது. "அடி! அடி! விடாதே அவனை!" யாரைப் பார்த்துச் சொன்னார்கள்? சிட்டுவைப் பார்த்து. கொஞ்சம் முன்னால் மரியாதை தெரியாதவள் என்றார்களே, அவளைப் பார்த்து!

சிட்டு அழுதுகொண்டிருந்தாள். அவமானப்பட்ட ஊருக்காக அழுகிறாள் என்று ஜனங்கள் நினைத்தார்கள். அதைப் பார்த்து அவர்களுக்கு இன்னும் ஆவேசம். கயிற்றில் மோதித் திரும்பி ஓடிவந்தாள். தோளில் ஏறினாள், சுழற்றினாள். அத்தான் அன்றைக்கு விழுந்த மாதிரி யாரும் விழ முடியாது. தேய்ந்த முழங்காலையும் வைத்துக்கொண்டு, ஆகாயத்தில் ஒரு முழு வட்டம் போட்டு, முதுகு முழுதும் ஒரே நேரத்தில் தரையில் பட, கைகள் அறைய, கிடங்கே குலுங்க விழுந்தார். மறுபடி எழுந்தார். மறுபடி போட்டாள். ஒவ்வொரு வீச்சுக்கும் கூட்டம் அவள் பெயரைச் சொன்னது. "மின்னல்! மின்னல்!" வாத்தியார் தொண்டை கிழியக் கத்தினார். பத்து வயது குறைந்துபோயிருந்தார்.

கடைசியில் அவர் நெஞ்சின்மேல் விழுந்து தோள்களை அழுத்தினாள். நான் படுத்துத் தரையைத் தட்டினேன். ஒன்று. அவள் அப்பாவின் கையை அமுக்கினாள். இரண்டு. அவர் திருப்பி அமுக்கினார். மூன்று என்று தட்டும்போது கூடமே என்னோடு சேர்ந்து எண்ணியது. என் குரல் எனக்கே கேட்கவில்லை.

கயிறுகளைத் தாண்டி ஜனங்கள் உள்ளே வந்துவிட்டார்கள். சிட்டுவைத் தோளில் தூக்கினார்கள். முடிவெட்டுகிறவர் ஒரு தோள் கொடுத்தார், வாத்தியார் இன்னொரு தோள் கொடுக்கப் பார்த்தார், முடியவில்லை, அவள் பூட்ஸையாவது பிடித்துக்கொண்டு கூடவே போனார். "எங்க ஊர் மானத்தைக் காப்பாத்திட்ட தாயி!" என்று ஒரு கிழவி அவள் கன்னத்தைத் தடவினாள். சோடா குடிக்க எழுந்து போனவர்கள் எல்லாம் இப்போது அவள் விரலையாவது தொடவேண்டும் என்று முட்டி மோதினார்கள். அத்தானை நானும் பெரியவனும் பின்வாசல் வழியாக இழுத்துக்கொண்டு ஓடினோம்.

உடுப்பு மாற்றும் அறையில் பெஞ்சில் உட்கார வைத்தோம். முழங்கால் பூசணிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. நெற்றியில் செருப்பின் தடம். டிக்கெட் மேஜையை அப்படியே போட்டுவிட்டு அக்கா ஓடிவந்தாள். அத்தான் வைத்த சட்டத்தை மீறி அந்த ஊருக்குள் அவள் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. ஈரத்துணியை நெற்றியில் வைத்தாள். பெரியவன் சுவரோரம் நின்று, "அப்பா, போஸ்டர்..." என்று ஆரம்பித்து விம்மினான்.

"டேய் மடையா, நீ அப்படி அடிக்கலைன்னா இவ்வளவு கூட்டம் வந்திருக்குமா? வாடா இங்க" என்று அவன் தலையைப் பிடித்து ஆட்டினார்.

கொஞ்ச நேரத்தில் சிட்டு கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கையை விரித்தாள். கேடயத்தின் ஒரு துண்டு, உள்ளங்கையில் ரத்தம். கூட்டத்தின் காலடியில் தேடி எடுத்திருக்கிறாள்.

"ஒரே ஒரு தடவைதான்பா உங்களுக்குக் குடுத்தாங்க. ஏன்பா அப்படிப் பண்ணினீங்க?"

"கையைக் காட்டு" என்றார். கண்ணாடிச் சில்லை எடுத்தார், அக்காவிடம் இருந்து துணியை வாங்கிக் கட்டினார். "எனக்கும் ஆசைதான்மா. இல்லைன்னு சொல்ல மாட்டேன். கையில வாங்கினப்போ உயிரே போயிட்டு வந்தது. ஆனா அது ஓய்ஞ்சு போறவனுக்குக் குடுக்கறது. உனக்கு என்ன குடுக்கறாங்கன்னு கேட்டியா?"

சுவருக்கு அந்தப் பக்கம் கிடங்கு இன்னும் அடங்கவில்லை. ஒருத்தரும் வீட்டுக்குப் போகவில்லை. காலால் தரையைத் தட்டித் தட்டி அவளைக் கூப்பிட்டார்கள். பெஞ்சு அதிர்ந்தது. மின்னல், மின்னல் என்று ஆயிரம் பேர் சேர்ந்து என் அக்கா மகளைக் கூப்பிட்டார்கள். அத்தானின் கண்ணில் இருந்து தண்ணீர் மீசையில் இறங்கியது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை. எனக்கும் அழுகை வந்தது, நானும் துடைக்கவில்லை.

"போம்மா. காக்க வைக்காத. அவங்க உன் ஜனம்" என்றார்.

சிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு நிமிர்ந்தாள். அப்பாவின் மழித்த தலையில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போனாள்.

"சிட்டு" என்று கூப்பிட்டார். அவள் திரும்பினாள்.

"போறப்ப கதவைச் சாத்தாத. எனக்குக் கேக்கணும்."

அவள் கதவை அகலத் திறந்து, மூலையில் கிடந்த ஒரு பழைய பூட்ஸை அண்டக்கொடுத்துவிட்டு, வெளிச்சத்துக்குள் ஓடினாள்.